யூவுக்கு முளைத்த பாதம்

எழுத்து தப்பு என்று டாக்டரம்மா சொன்னபோது, நான் அந்தக் காரின் மூக்குக்கு முன்னால் மண்டியிட்டுக் கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். கூரையில்லாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரலாம். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் டாக்டர் ரேணுகாம்பாள் வாங்கியது. அது தெருவில் போனால் தறிச் சத்தம்கூட ஒரு நொடி நிற்கும். முன்பக்கம் நம்பர் பலகைக்கு இடமே வைக்காமல் செய்திருந்தார்கள் புண்ணியவான்கள். அந்த வழவழப்பில் ஓட்டை போட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு இரும்புப் பட்டையை வளைத்து, முன்னாலிருந்த கம்பி வலையோடு சேர்த்துப் பலகையைப் பிடிக்கவைத்திருந்தேன்.

"ஆதிகேசவன், வண்டி நம்பர் எம்.எஸ்.யூ. தானே? நீங்க ஒய் போட்டிருக்கீங்க."

பார்த்தேன். யூவின் அடியில் சின்னதாக, லட்சணமாக ஒரு கால் இறங்கியிருந்தது. முப்பது வருஷமாகச் சின்ன காஞ்சிபுரத்தில் சுவருக்கும் குடைக்கும் வாகனத்துக்கும் தென்கலை நாமம் எழுதுகிற கை இது. வடகலை நாமத்துக்கு அடியில் பாதம் கிடையாது, எங்களுடையதற்கு உண்டு. யானை நெற்றியில் எதைப் போடுவது என்று கோர்ட் ஏறிய ஊர். வெள்ளை பெயிண்டில் இரண்டு கோடு இழுத்தால், என்னைக் கேட்காமலே கை பாதம் வைத்துவிடும்.

"அந்த வால மட்டும் துடைச்சிடுங்க."

"வால் இல்லீங்கம்மா. பெருமாள் பாதம்."

அவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்னால் நம்பர் இல்லையென்று செங்கல்பட்டில் போலீஸ்காரர்கள் ஏற்கெனவே ஒரு தடவை நிறுத்தியிருக்கிறார்கள். தப்பு நம்பரோடு போனால் விடமாட்டார்கள். காரை விற்றாகிவிட்டது, நாளைக் காலையில் கைமாறுகிறது. இன்று விட்டால் என் மனைவி தேவகிக்குக் கடல் இல்லை. டைபாய்டில் நாற்பது நாள் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு தடவைகூடப் பார்த்திராத கடலைப் பற்றியே பிதற்றினாள். எழுந்து நடந்தால் மகாபலிபுரம் கூட்டிப்போகிறேன் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

தேவகி காரில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. கண்ணை மூடியிருந்தாள். வண்டி நின்றிருக்க, அவள் மட்டும் போய்க்கொண்டிருந்த மாதிரி இருந்தது. எங்கள் பேச்சில் கண் விழித்தாள்.

"வேணாங்க, அதப் போய் துடைக்காதீங்க. கடல் எங்க ஓடிடப் போவுது."

கடல் என்கிறபோது குரல் உள்ளே போய்விட்டது. எனக்குத் தாங்கவில்லை.

டர்பன்டைனில் துணியை நனைத்தேன். "மன்னிச்சுக்கோப்பா" என்று வாய்விட்டே சொல்லித் துடைத்தேன். தீற்றலாக நின்ற வெள்ளையின் மேல் கறுப்புப் பூசினேன். காலில்லாத யூ பலகையில் மிதந்தது. கார் கிளம்பி, தெருமுனையில் சிவப்பாகக் கரைந்தது.

அன்று நான் கோயில் பக்கம் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, அவர்கள் இப்போது வாலாஜாபாத் தாண்டியிருப்பார்கள், இப்போது செங்கல்பட்டு என்று கூடவே போய்க்கொண்டிருந்தேன். வெயில் சாய்கிறபோது தேவகி வந்து இறங்கினாள். கால்கூடக் கழுவாமல் நேரே பாயில் போய்ப் படுத்தாள்.

"தண்ணி இன்னா பண்ணுது தெரியுமா? வந்துக்கினே இருக்குது. போன தண்ணிதான் வருதா, வேறயான்னு பாத்துக்கினே இருந்தேன்."

சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டாள். அவள் பாதங்களில் மணல் ஒட்டியிருந்தது. கணுக்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளையாகக் கோடு கட்டியிருந்தது. செம்பில் தண்ணீர் எடுத்துவந்து கால்மாட்டில் உட்கார்ந்தேன். துணியை நனைத்துப் பிழிந்தேன். துடைக்கக் கை வரவில்லை.