மாஸ்டர் பக்கத்து பிரேக்

ஓட்டுநர் பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, சொல்லிக் கொடுப்பவர் காலடியில் ஒன்று. மிதியடிக்குக் கீழே ஓடும் இரும்புக் கம்பி இரண்டையும் இணைக்கிறது. சொல்லிக் கொடுப்பவர் மிதித்தால் கம்பி இழுக்கும். ஓட்டுகிறவரின் பிரேக்கும் கூடவே இறங்கும். இந்தக் கம்பி எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. மாஸ்டரின் மனைவியை மட்டும் அது தினமும் உயிரை வாங்கியது.

அவளுக்கு ஊரின் அந்தக் கோடியில், மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், புது வேலை. விடியற்காலை ஷிப்ட். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. லைசென்ஸ் இருந்தால்தான் வேலை, நாளைக்கு டெஸ்ட். ஆனால் ஓட்டிப் பழகும்போது அவள் கால் பிரேக்குக்குப் போவதற்குள் பக்கத்திலிருந்து மாஸ்டர் மிதித்துவிடுவார். தன் காலுக்கு பிரேக் போடத் தெரியுமா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்களே?"

"அதான் சொல்றேன், டெஸ்டைத் தள்ளிப் போடு."

அவள் நேராக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தன் தம்பியிடம் போனாள். மாஸ்டர் மத்தியானம் தூங்கும்போது அவன் வந்து, காரில் கம்பியின் கொக்கியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். மாமாவுக்குச் சந்தேகம் வரக்கூடாதே! அவர் பெடலுக்கு அடியில் கெட்டியான ஸ்பிரிங் ஒன்றைச் செருகினான். மிதித்தால் எதிர்த்து அழுத்தும், அவ்வளவுதான்.

"ஹேண்ட்பிரேக்கைத் தொடலக்கா. அது நடுவுல இருக்கு, ரெண்டு பேருக்கும் பொது."

மாலையில் வண்டி கிளம்பியது. சிக்னலில் மாஸ்டர் மிதித்தார், கார் நின்றது. சந்திலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. மாஸ்டர் மிதித்தார், கார் நின்றது.

"பாத்தியா? நான் மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்? இன்னிக்கு பிரேக் வெண்ணெய் மாதிரி!"

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் உள்ளங்கையை விரித்தாள்.

"என்னது இது?"

"உங்க பிரேக்கோட கொக்கிங்க."

மாஸ்டர் மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப சிக்னல்ல?"

"நான்."

"அந்தப் பந்து?"

"அதுவும் நான்தான்."

"வெண்ணெய் மாதிரின்னு வேற சொல்லித் தொலைச்சேனே!"

"வாய் நிறையச் சொன்னீங்க."

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, டெஸ்டுக்குப் போ. ஆனா நான் சமைக்கும்போதெல்லாம் பின்னாடி வந்து நின்னு அடுப்பைக் குறைக்கிறியே, அதுக்குக் கம்பி எங்க ஓடுது? சொல்லு, கழட்டிடறேன்."

"நாளைக்கு அடுப்பைத் தொடவே மாட்டேன், போதுமா?"

மறுநாள் டெஸ்டில் தேறி வந்தவளுக்கு மாஸ்டரே சமைத்தார். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, நாற்காலியில் சமத்தாக உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் புகைந்தது.

"ஏங்க..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

புகை கண்ணைக் கரித்தது. மாஸ்டர் இருமினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஹேண்ட்பிரேக் போடலாமாங்க?"

"போடு, போடு!" என்று அலறினார் மாஸ்டர்.

அடுப்பின் குமிழில் இருவர் கைகளும் ஒரே நேரத்தில் விழுந்தன.