நொயெமி அடித்த அடி

"அந்த அடி படத்துல வரக் கூடாது," என்றாள் லிதி. "எங்கம்மா யூதப் பிள்ளைங்கள அடிச்சு வளர்த்தாங்கன்னுதானே ஊரு பேசும்?"

"அடி வேணாம்னா நானும் வேணாம். தம்பி, மைக்கக் கழட்டுங்க," என்றேன்.

இயக்குநர் தியெரி தலையில் கை வைத்துக்கொண்டார். போர்க்காலத்தில் இந்த மலையூரில் ஒளித்துக் காப்பாற்றப்பட்ட யூதக் குழந்தைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் பாரீஸிலிருந்து வந்திருந்தார். அப்படிப் பிழைத்தவள் நான், ப்ளீமா. காப்பாற்றியவள் லிதியின் அம்மா நொயெமி. லிதியும் நானும் ஒரே கட்டிலில் உதைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள், சண்டைக்குப் பஞ்சமில்லை. நொயெமியைச் சிரித்த முகத்தோடு மட்டும் காட்டினால் நான் உயிரோடிருக்கும் காரணமே படத்தில் இராது. அதற்கு நான் சம்மதிப்பதாக இல்லை.

"என்னதான் நடந்துச்சு? அதச் சொல்லுங்கம்மா," என்றார் தியெரி.

சொன்னேன். இங்கே வருவதற்கு முன் என்னைக் கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்றில் ஒளித்திருந்தார்கள். யாராவது சந்தேகமாகப் பார்த்தால் உடனே சிலுவை அடையாளம் போடவேண்டும் என்று பழக்கினார்கள். நான் கெட்டிக்காரி, தூக்கத்தில்கூடப் போடுவேன். இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் யூதர்களைத் தேடி ஒரு போலீஸ் அதிகாரி உள்ளே நுழைந்தான்.

"யாரு இந்தப் பொண்ணு?"

"எங்கக்கா மக," என்றாள் நொயெமி.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். நான் நெற்றி, மார்பு, தோள் என்று அழகாகச் சிலுவை போட்டேன்.

இதுவோ புராட்டஸ்டண்டு ஊர். சிலுவை போடுவது கத்தோலிக்க வழக்கம்; கத்தோலிக்க ராஜாக்கள் காலத்தில் உதைபட்டுச் செத்தபோதும் அதைப் போடாத பரம்பரை. அதிகாரியின் புருவம் ஏறியது.

அதற்குள் என் கன்னத்தில் அடி விழுந்தது. காது கொய்ங் என்றது.

"மறுபடியும் அந்தக் கத்தோலிக்கப் பிள்ளைங்களோட சுத்துனியா? நம்ம வீட்டுல என்னடி இந்தக் கூத்து? தாத்தாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு!"

அதிகாரியே கத்தோலிக்கன்தான். அவன் முகம் சிவந்துவிட்டது.

"புள்ளைய விடும்மா. சிலுவை போட்டா கை ஒண்ணும் அழுகிப் போயிடாது," என்று எனக்காகப் பரிந்து பேசிவிட்டுக் கிளம்பிப் போனான்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். நொயெமி அணைக்கவெல்லாம் இல்லை. உருளைக்கிழங்கு சூப்பை ஊற்றி வைத்து, "தின்னு," என்றாள்.

நான் சொல்லி முடித்ததும் லிதி முந்தானை மாதிரி ஏப்ரனை இழுத்து மூக்கைத் துடைத்தாள்.

"அம்மா சாகுற வரைக்கும் அந்தக் கையப் பாத்துப் பாத்து அழுதாங்கடி. அதான் வேணாங்கிறேன்."

எனக்கு இது தெரியாது. என்னைப் பெற்றவளுக்கு அடுத்து எனக்கு உயிர் கொடுத்த கை அது.

"அப்ப கட்டாயம் காட்டணும்டி. அந்தக் கை என்ன செஞ்சதுன்னு ஊருக்கே தெரியட்டும்."

லிதி மூக்கை இன்னொரு தரம் துடைத்தாள். பிறகு தியெரியைப் பார்த்தாள். "நானே அடிச்சுக் காட்டுறேன். எங்கம்மா கைதான் எனக்கும்."

கேமரா ஓடியது. லிதி கையை ஓங்கி, என் கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் தடவினாள்.

"இப்படி அடிச்சிருந்தா நான் அன்னைக்கே செத்திருப்பேன்டி," என்றேன்.

அடுத்த அடி சரியாக விழுந்தது.