மூன்றாம் முறை பாஸான வால்வுகள்

புனாவுக்குப் பக்கத்தில், தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் சேஷுவைத் தெரியாதவர்கள் கிடையாது. எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம், அரசாங்க ஆபீஸ். அங்கே வந்து இறங்கும் இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, சரியில்லாதவற்றைத் திருப்பி அனுப்புவது அவர் உத்தியோகம். சரியாக இருப்பதை ஏற்றுக்கொள்வதும் அதே உத்தியோகத்தில் சேர்த்திதான். அதில் மட்டும் அவருக்கு அவ்வளவாக நாட்டம் இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். முருங்கைக்காய் வளைந்திருந்தால் மண்டிக்குத் திரும்பிப் போகும். அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் அவர் மனைவி விசாலாக்ஷியின் பொறுப்பு. புனாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். தினமும் லோக்கல் ரயிலில் போகிறவள் என்பதால், திருப்பிக் கொடுக்க வேண்டியதெல்லாம் அவள் பையில் ஏறிவிடும்.

தொண்ணூற்றாறில், ரிட்டயராகி ஊருக்குப் போகிற மேஜர் ஒருவரிடமிருந்து சேஷு பழைய கார் ஒன்றை வாங்கினார். கார் நகர்ந்தது, கூடவே ஒரு புகைமண்டலமும் நகர்ந்தது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

"மெக்கானிக் கிட்ட விட்டுடலாமே" என்றாள் விசாலாக்ஷி.

"அவன் கண்ணாலே அளப்பான். எங்கிட்ட மைக்ரோமீட்டர் இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாலிலிருந்து சோபா வெளியே போய், எஞ்சின் உள்ளே வந்தது. வந்தவர்கள் கட்டிலில் உட்கார்ந்தார்கள். பெட்ரோல் வாசனையில் காபி குடித்தார்கள். கழற்றிய வால்வுகளுக்கான குட்டிப் பூட்டுகளும் வாஷர்களும் எந்த வால்வினுடையது எது என்று கலந்துவிடாமல் இருக்க, விசாலாக்ஷியின் இட்லித் தட்டுகள் இரண்டில் குழிக்குழியாகப் போய் உட்கார்ந்தன. ஒவ்வொரு குழிக்கும் ஸ்கெட்ச் பேனாவால் நம்பர். அன்றிலிருந்து அந்த வீட்டில் தோசைதான்.

பழைய வால்வுகள் தேய்ந்திருந்தன, அதில் சந்தேகமில்லை. புது செட் வாங்க விசாலாக்ஷி, புனாவில் மோட்டார் சாமான் கடைகள் இருக்கும் நானா பேட்டுக்குப் போய்வந்தாள். சேஷு துண்டை விரித்து, புது வால்வுகள் எட்டையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு தண்டையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். தண்டின் கனம் ஆறு புள்ளி ஒன்பது எட்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

"ஒன்பது ஏழு" என்றார் சேஷு, ஏதோ குடும்பத்தில் துக்கம் நடந்துவிட்ட குரலில். "ஏமாத்திட்டான். மாத்திண்டு வா."

மாற்றிக்கொண்டு வந்தாள். அதுவும் ஒன்பது ஏழு.

"இவன் டூப்ளிகேட் பண்ற டெல்லி கம்பெனிக்காரனா இருக்கணும். மறுபடியும் போய் மாத்திண்டு வா. நான் யாருன்னு சொல்லு."

முதல் தடவை மாற்றப் போனபோதே கடைக்கார சேட் அவளைப் பார்த்த பார்வை விசாலாக்ஷிக்கு மறக்கவில்லை. "மேடம், இதே வால்வுலதான் பாதி புனா ஓடுது" என்று இந்தியில் சொல்லியிருந்தார். இப்போது பள்ளியில் யூனிட் டெஸ்ட் வேறு. மழையும் பிடித்துக்கொண்டது. எட்டு வால்வுகளும் விடைத்தாள்களோடு அவள் பையில் திங்கள் முதல் வெள்ளி வரை லோக்கலில் போய்வந்தன. ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி நானா பேட்டுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூமில் அவற்றுக்குப் புதிதாக எண்ணெய் தடவி, அன்றைய மராத்திப் பேப்பரில் சுற்றினாள். திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை. கண்டுபிடித்துவிட்டால், போக முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

அன்றைக்குப் பார்த்து சேஷுவுக்கு ஆபீஸில் இன்கிரிமென்ட் ஆர்டர் வந்திருந்தது. ஜிலேபி தின்ற விரலைத் துடைத்துக்கொண்டு அளந்தார். ஒன்பது எட்டு. இன்னொன்று. ஒன்பது எட்டு. எட்டும் ஒன்பது எட்டு!

"பாத்தியா? திருப்பித் திருப்பி அனுப்பினாத்தான் நல்ல சரக்கு வெளியிலே வரும்."

விசாலாக்ஷி சமையலறைக்குள் போய், சிரிப்பு அடங்கும் வரை குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

எஞ்சின் சேர்ந்தது. புகை நின்றது. வால்வுக்கு மேலே இடைவெளி கூடினால் வரும் டாப்பெட் சத்தம் மட்டும் டிக், டிக் என்று கொஞ்சம் கேட்டது. "புது எஞ்சின்னா அப்படித்தான்" என்றார் சேஷு. ஆபீஸில் தரக் கட்டுப்பாட்டு வாரம் வந்தபோது, சிநேகிதர் பாஸ்கர் ஏற்பாட்டில் அவர் மேடையேறி, அந்த எட்டு வால்வுகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கைதட்டலில் மனம் நெகிழ்ந்துபோய், அந்தச் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

"எங்கே?" என்றாள் விசாலாக்ஷி.

"சேட்டைப் பாத்து ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு வரேன். நல்ல சரக்கு குடுத்தவனை விட்டுடப்படாது."

தடுக்க அவளுக்குக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. மூன்று மணி நேரம் ஒரே விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

கார் திரும்பி வந்தது. சேஷு செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வாங்கறதுக்கு ஒரு தடவை, மாத்தறதுக்கு ஒரு தடவை. அவ்வளவுதான் நீ வந்தேங்கறான் சேட்."

"ஆமாம்."

"அப்ப மூணாவது செட்டு?"

"அது என் பையிலேர்ந்து வந்தது. நீங்க வேண்டாம்னு சொன்ன அதே எட்டுதான்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவரோ மைக்ரோமீட்டரை எடுத்து வந்து, மேஜை மேல் கிடந்த, அளவு பொறித்த டிரில் பிட்டின் வழவழப்பான தண்டை அளந்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் அளந்தார்.

"இங்க குடுங்கோ" என்று வாங்கினாள் விசாலாக்ஷி. கடைசியில் இருந்த சின்னத் திருகைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். கிட், கிட், கிட் என்று மூன்று சத்தம் வந்ததும் நிறுத்திப் படித்தாள். அவர் படித்ததைவிட ஒரு கோடு கூடுதல்.

"கோவமா இருந்தா நீங்க இதை விட்டுட்டு, பெரிய திருகைப் பிடிச்சு இறுக்கறேள். அது கம்மியாக் காட்டறது. சந்தோஷமா இருந்த அன்னிக்கு இதைத்தான் பிடிச்சேள். நான் பாத்துண்டுதானே இருந்தேன்."

சேஷு மைக்ரோமீட்டரை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு, "இருபது வருஷமா இறுக்கிண்டிருக்கேனே" என்றார்.

திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு காரியம் செய்தார். போன மாதம் தாம் திருப்பிய சரக்கில், இன்னும் லாரி ஏறாமல் கிடந்ததை எடுத்து மறுபடி அளந்தார். பாதிக்குமேல் நன்றாகவே இருந்தது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மேலதிகாரியிடம் போனார். சரக்கைத் திருப்புவதற்கு மூன்று வகை ஃபார்ம் இருந்தது. திருப்பியதைத் திரும்ப ஏற்றுக்கொள்ள ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு ஃபார்ம் வேண்டும் என்று சேஷு எழுதிக் கொடுத்தார். எழுதியதில் மார்ஜின் போதவில்லை என்று மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்பினார்.

அதைச் சொல்லி அன்று சாயங்காலம் சேஷுவே முதலில் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், கார் சாவியோடு வாசலில் நின்று, "விசாலம், கொஞ்சம் வாயேன். டாப்பெட் சத்தத்தைப் பாத்துடலாம். இடைவெளி பாக்கற தகடு உள்ளே உரசிண்டு போகணும், மாட்டிக்கப்படாது. அந்தப் பதம் என் கைக்கு வரலை" என்றார்.

விசாலாக்ஷி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பானெட்டுக்கு முன்னால் குனிந்தாள். அவர் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்ற, அவள் மெல்லிய தகட்டை, வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட்டாள். தகடு ஆடியது; அவர் திருகை இறுக்கியதும் இழுத்துப் பார்த்தாள்.

"இறுக்கம். கொஞ்சம் விடுங்கோ."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

சேஷு ஸ்பேனரை அரை நூல் தளர்த்திவிட்டு, அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தார்.