எட்டாவது சாண்

கடை வாசலை உடைக்கப்போவதாக மாமா போனில் சொன்னார். சிமென்ட் பெயர்ந்துவிட்டது. போன வாரம் ஊன்றுகோலோடு மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் தடுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. 

"வட்டமெல்லாம் போயிடும் மாப்பிள்ளை," என்றார் கடைசியில்.

"தெரியும் மாமா."

"நீங்க வேண்டாம்னா நிறுத்திடறேன். கொத்தனார்கிட்ட இன்னும் பணம் கொடுக்கல."

காலையில் நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

மருந்துக் கடை மாமாவுடையது. அவர் மகள், என் மனைவி, அதில்தான் பார்மசிஸ்டாக இருந்தாள். வாசலில் இருக்கும் மஞ்சள் வட்டங்கள் அவள் போட்டவை.

ஊரடங்கு தொடங்கிய புதிது. கவுன்ட்டரில் கூட்டம் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்கொண்டு நின்றது. ஆறடி இடைவெளி விடச் சொன்னார்கள். யாருக்கும் ஆறடி என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை. கேட்டுக்கு அடித்த மஞ்சள் பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும், ஆட்கள் நிற்க வட்டம் போட ஒரு வாளி மூடியையும் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். அளக்க ஒன்றும் இல்லை. நான் கட்டட வரைபடம் போடுகிறவன். என் டேப் பூட்டிய ஆபீசுக்குள் இருந்தது.

"ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் அளக்கிற. நம்ம வீட்ல ஒரு டேப் கிடையாது," என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படு."

"எங்க?"

"இங்கதான். தரையில."

படுத்தேன். அவளிடம் ஏன் என்று கேட்பது நேர விரயம் என்று கல்யாணமான முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

எதிர் மாடியில் ரேடியோ அண்ணா இருந்தார். தெருவுக்கே செய்தி வாசிப்பதால் அந்தப் பெயர். அவர் பதறிப்போய்க் கத்தினார்.

"ஐயோ, தம்பி விழுந்துட்டாரா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"இல்லண்ணா, அளவு எடுக்கறேன்."

"உயிரோட இருக்கும்போதேவாம்மா?"

அவள் மாஸ்க்குக்குள் சிரித்தாள். கண் சுருங்கியதில் தெரிந்தது.

"உன் உயரம் எவ்ளோ? உண்மையச் சொல்லு."

"அஞ்சரை."

"அது பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னது."

"அஞ்சேகால்."

"அப்படி வா வழிக்கு. எண்சாண் உடம்புன்னு சொல்லுவாங்க, எட்டு சாண்னா ஆறடி. உனக்கு ஏழுதான் கொடுத்திருக்காங்க. மிச்சம் ஒண்ணை நான் போட்டுக்கறேன்."

என் தலைமாட்டில் ஒரு வட்டம். குதிகாலிலிருந்து அவள் கையால் ஒரு சாண். அங்கே அடுத்த வட்டம். அவள் கட்டைவிரல் பட்டபோதெல்லாம் எனக்குக் கால் கூசியது. "அசையாத, அப்புறம் யாருக்காவது தொத்திக்கும்," என்று அதட்டினாள். விளக்குக் கம்பம் வரை எழுந்து எழுந்து படுத்தேன். அன்று இரவு என் தலையில் ஒட்டியிருந்த பெயின்டை எண்ணெய் தொட்டு எடுத்தாள். வராத இடத்தில் முடியைக் கத்தரித்துவிட்டாள். ஆபீஸ் மீட்டிங்கில் ரொம்ப நாள் கேமராவைப் போடவில்லை.

அந்த வருடம் வீணாய்ப் போனது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது திரும்பக் கிடைத்தால் போதும். சாயங்காலம் செருப்பை வெளியில் விட்டுவிட்டு நேராகக் குளியலறைக்குப் போவாள். உள்ளிருந்தே அன்றைய கடைக் கதையைச் சொல்வாள். வெளியில் ஸ்டூல் போட்டு நான் கேட்பேன். காதுக்குப் பின்னால் மாஸ்க் கயிறு பதிந்த கோடு இருக்கும். வாங்கி வந்த தக்காளியைத் தண்ணீரில் போட்டு, "உனக்கு முன்னாடி இதுங்க குளிச்சிடுச்சு பாரு," என்பாள். இரண்டு அறை வீடு. எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் கேட்கும்.

பெரியவர்களுக்குத் தடுப்பூசி வந்ததும் தெருவில் எல்லோருக்கும் அவள்தான் போனில் பதிவு செய்து கொடுத்தாள். மாமா மட்டும் நாளை, நாளை என்று நழுவினார். "கடை பூரா ஊசி வச்சிருக்கிற மனுஷன், ஒரு ஊசிக்கு நடுங்கறாரு," என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே மானத்தை வாங்கி, கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

எங்கள் வயதுக்குப் பதிவு இன்னும் திறக்கவில்லை. அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் போனில் சொன்னபடி குப்புறப் படுக்க வைத்தேன். விரலில் மாட்டும் கருவியில் எண் இறங்கிக்கொண்டே போனது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். முடிந்ததையெல்லாம் செய்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. அவ்வளவுதான்.

பிறகு எங்கள் வயதுக்கும் ஊசி வந்தது. மாமாவுக்கு அன்று இரண்டாவது ஊசி, எனக்கு முதலாவது. போட்டுக்கொண்ட பின் அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். இடைவெளிக்காக நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். அதற்கு இரு பக்கமும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மாமா போன் செய்த மறுநாள் காலையில் நான் போனபோது கொத்தனார் சுத்தியலோடு தயாராக நின்றார். மஞ்சள் வெளுத்திருந்தது, ஆனால் எல்லா வட்டமும் தெரிந்தது.

"ஐயா சொன்னாரு. வேணும்னா வட்டத்தை மட்டும் விட்டுட்டுச் சுத்திப் பூசறேன் சார். ஆனா மேடு பள்ளமாத்தான் இருக்கும்," என்றார் கொத்தனார்.

மாமா என் முகத்தைப் பார்க்காமல் ஷட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வட்டத்தையாவது விடச் சொல்லத்தான் வந்திருந்தேன். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

"அந்தப் பெரியவர் எங்க மாமா விழுந்தாரு?"

அவர் காட்டினார். மூன்றாவது வட்டத்தின் விளிம்பு. பெயின்டுக்கு அடியிலேயே சிமென்ட் பிளந்திருந்தது.

"உடைச்சிடுங்க," என்றேன்.

"மாப்பிள்ளை, யோசிச்சு..."

"இதுல ஒருத்தர் விழுந்தாருன்னு தெரிஞ்சிருந்தா அவளே சுத்தியலை எடுத்திருப்பா மாமா."

"எடுத்திருப்பா," என்றார். "உன்னாலதான்பா விழுந்தாருன்னு என்னையும் நாலு திட்டியிருப்பா."

மதியத்துக்குள் எல்லாம் குவியலாகிவிட்டது. மாமா ஒரு மஞ்சள் துண்டைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். பிறகு குவியலிலேயே போட்டுவிட்டார்.

தரை காய்ந்து கடை திறந்த அன்று நானும் போயிருந்தேன். வாசல் ஒரே சாம்பல் நிறம். ஒரு கீறல் இல்லை. ரேடியோ அண்ணா முதலில் வந்தார். பிரஷர் மாத்திரைச் சீட்டைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். அடுத்து ஒரு அம்மா வந்தார். அவருக்குப் பின்னால் தள்ளி நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

"ஏண்ணா அவ்ளோ தள்ளி நிக்கறீங்க? இப்பதான் ஒண்ணும் இல்லையே," என்றார் மாமா.

"யாரு தள்ளி நின்னது?" ரேடியோ அண்ணா குனிந்து தரையைப் பார்த்தார். "எப்பவும் நிக்கிற இடம்தானேப்பா இது."

மாமா மாத்திரை எடுக்கத் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் தேடினார்.

நான் ரேடியோ அண்ணாவுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் இருந்த வெறும் தரையைப் பார்த்தேன். அதில் நான் படுக்கலாம். கால்மாட்டில் ஒரு சாண் மிச்சம் இருக்கும்.