துடைத்தால் நிற்கும் சத்தம்

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே சர்க்யூட்டில் கையைச் சுட்டுக்கொண்டு பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்கள்தான் அவனும் அவளும். கடைசி வருடம் இருவரும் சேர்ந்து செய்த இதயத்துடிப்புக் கருவிக்குத் துறையிலேயே முதல் பரிசு. அதன்பிறகு வகுப்பு நாலா பக்கமும் சிதறியது. ஒருவன் ஸ்கேன் மெஷின் விற்கப் போனான். ஒருத்தி செயற்கைக் கால் செய்யும் கூடத்தில் சேர்ந்தாள். பாதிப் பேர் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கரைந்துபோனார்கள். மருத்துவக் கருவிகளை வடிவமைக்கும் கம்பெனி ஒன்றின் நேர்முகத் தேர்வுக்கு இவர்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அவளை எடுத்துக்கொண்டார்கள். அவனைக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அவளையே கல்யாணம் செய்துகொண்டதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் பெயர் காதில் விழுந்தால் மட்டும் வயிற்றுக்குள் ஏதோ புகையும். அவன் சேர்ந்தது ஓர் ஆஸ்பத்திரியில், கருவிகளைப் பரிசோதித்துப் பழுது பார்க்கும் பிரிவில். அடித்தளத்தில், துணி வெளுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவன் அறை. நர்ஸ்களுக்கு அவன் 'மெஷின் சார்'. வீட்டுக்கு யார் வந்தாலும் அவனுடைய அம்மா, "மருமக புதுசு புதுசா மெஷின் கண்டுபிடிக்கிறா. அது கெட்டுப்போனா இவன் சரி பண்றான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பிறகு எழுந்து போய்த் தேவையில்லாமல் முகம் கழுவுவான்.

அவளுடைய குழு உருவாக்கிய மானிட்டர், வெள்ளோட்டத்துக்காக அவனுடைய ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தது. நோயாளியின் துடிப்போ மூச்சோ தடம் மாறினால் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும் கருவி. கட்டில்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று சுற்றிச் சுற்றி வந்தான். திரை பளிச்சென்று இருந்தது. வயர் சிக்கவில்லை. டாக்டர்களோ தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

கடைசியில் வார்டின் தலைமை நர்ஸ்தான் அவனைக் கூப்பிட்டாள். "மெஷின் சார், ஈரத்துணியால ஸ்கிரீனைத் துடைச்சா அலாரம் நின்னுடுது. சத்தியமா நான் எதையும் அமுக்கல."

அவன் துடைத்துப் பார்த்தான். கிருமிநாசினியின் ஈரத்தை, அலாரத்தை நிறுத்தத் திரையைத் தொடும் விரல் என்று நினைத்து, கருவி வாயை மூடிக்கொண்டது. மறுபடி துடைத்தான், மறுபடியும் மூடிக்கொண்டது. பதற வேண்டிய விஷயம். அவனுக்கோ வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

உடனே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழைய மானிட்டர்களை மாட்டினான். நோயாளி விஷயத்தில் விளையாடுகிறவன் இல்லை அவன். ஆனால் வீட்டில் வாயே திறக்கவில்லை. "எங்க மானிட்டர் எப்படிடா ஓடுது?" என்று அவள் ஆசையாகக் கேட்டபோது, "மீட்டிங்ல பேசிக்கலாம்" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அடுத்த வாரம் மீட்டிங்குக்கு அவள் தன் மேலாளரோடு வந்தாள். பெரிய டாக்டர் முன்னால் அவன் அலாரத்தை அலறவிட்டு, ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தான். அறை கப்சிப் என்றானது.

"பலே!" என்றார் பெரிய டாக்டர். மேலாளரின் முகம் செத்துப்போயிற்று.

அவள் சாக்குச் சொல்லவில்லை. "எங்க தப்புதான். சரி பண்ணிட்டுக் கொண்டு வரோம்" என்று மட்டும் சொன்னாள்.

வராந்தாவுக்கு வந்ததும் அவன் பக்கம் திரும்பினாள். "உனக்கு இது எப்பத் தெரியும்?"

"போன வாரம். இங்க உடனே கழட்டிட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"இங்க கழட்டிட்டே. வேற மூணு ஆஸ்பத்திரியில இதே மானிட்டர் ஓடிட்டு இருக்குடா. அங்க படுத்திருக்கறவங்க மனுஷங்க இல்லையா?"

அவனுக்குப் பகீரென்றது. அதுவரை அது அவன் புத்தியில் உறைத்திருக்கவே இல்லை. அவள் தலைகுனிந்து நிற்பதை மட்டுமே ஒரு வாரமாக நினைத்து நினைத்து ருசித்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் அவள் ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகப் போன் போட ஆரம்பித்துவிட்டாள். நல்லவேளை, எங்கும் எதுவும் நேர்ந்திருக்கவில்லை.

"எனக்கு வயிறு எரிஞ்சுதுடி" என்றான். "அந்த இன்டர்வியூவிலேர்ந்தே."

"தெரியும். ஒரே வீட்லதானே இருக்கேன்? எரிஞ்சா எரியட்டும். ஆனா இந்த மாதிரி விஷயத்தை முதல்ல என்கிட்ட சொல்லிட்டு அப்புறம் எரி." அவள் சிரிக்கவில்லை.

அன்றே இருவரும் போய் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் மானிட்டர்களைக் கழற்றினார்கள். அதன்பிறகு பல நாள் அவள் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

திருத்திய மானிட்டரை முதலில் அவனுடைய அடித்தள அறைக்குத்தான் கொண்டுவந்தாள். அவன் ஈரத்துணி, சோப்பு நீர், கையுறை என்று ஒன்று விடாமல் தேய்த்துப் பார்த்தான். ஈரக் கையுறையோடு தொட்டால் மட்டும் திரை தடுமாறியது. இதையும் மீட்டிங்கில் சொன்னால் என்ன என்று ஒரு கணம் நாக்கு ஊறியது.

"இங்க பாரு" என்று அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினான்.

அதையும் அவள் சரிசெய்தாள். கம்பெனியில் அவளைக் குழுத் தலைவி ஆக்கினார்கள். அந்தச் செய்தியை அவள் போனில் சொன்னபோது, "ரொம்ப சந்தோஷம்டி" என்றான். பாதி சந்தோஷம் நிஜம். மீதியை விழுங்கிக்கொண்டு, பழுதாகி வந்திருந்த மருந்து பம்பைத் திறந்து வேலையைப் பார்த்தான்.