கன்ஹேரியில் ஒரு குட்டித் தூக்கம்

அகிலாண்டத்தின் கணவர் சந்திரமௌலி ஓய்வு பெற்ற மறுமாதமே சரித்திரத்தைப் பிடித்துக்கொண்டார். சரித்திரத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பாய் மாட்டுங்காவில் தங்கள் பில்டிங்காரர்களை வேனில் அள்ளிப்போட்டு, போரிவிலி காட்டுக்குள் இருக்கும் கன்ஹேரி பௌத்தக் குகைகளுக்குக் கூட்டிப் போனார். புளியோதரைத் தூக்கோடு அகிலாண்டமும் போனாள்.

“ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி பிக்ஷுக்கள் இந்த மலையைக் குடைஞ்சா. கல்யாண், சோபாரா துறைமுகத்து வியாபாரிகள்லாம் பணம் கொடுத்தா. கொடுத்தவா பேரைக் கல்லிலேயே வெட்டியிருக்கு, பாருங்கோ!”

“நம்ம கோயில் ட்யூப்லைட் மாதிரி” என்றாள் அகிலாண்டம்.

எல்லோரும் சிரித்தார்கள். சந்திரமௌலி தொண்டையைக் கனைத்தார். “ஒவ்வொரு குகைக்கும் தனித்தனியா தண்ணித் தொட்டி.”

“அப்போ டேங்கர்காரன் கால்ல விழ வேண்டாம். கொடுத்து வெச்சவா.”

படியேறி அவளுக்கு மூச்சு இரைத்தது. கணவர் அடுத்த நூற்றாண்டுக்குப் போவதற்குள் ஒரு சின்னக் குகைக்குள் நழுவினாள். உள்ளே, பிக்ஷுக்கள் படுத்த கல்மேடை. ஏறிச் சம்மணமிட்டுச் சுவரில் சாய்ந்தாள். முதுகெல்லாம் ஜில்லென்றது. உலகத்தைத் துறந்தவர்கள் இடத்தை மட்டும் நன்றாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். கண் சொருகியது.

விழித்தபோது எதிரே ஏழெட்டுப் பேர், ஒரே நிற டி-ஷர்ட்டில், கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலடியில் இரண்டு ஆரஞ்சுப் பழம். அகிலாண்டத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து போனால் அவர்கள் மனம் நோகும். தூங்கினேன் என்றால் அவள் மானம் போகும். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

“அகிலா! அகிலா!”

வாசலில் சந்திரமௌலி. குகை குகையாகத் தேடி, ஒரு செருப்பைத் தொலைத்து, வேர்த்து ஒழுகி நின்றார்.

“ஷ்ஷ்!” என்றாள் டி-ஷர்ட் பெண் ஒருத்தி. “மாதாஜி தியான் மே ஹை.” மாதாஜி தியானத்தில் இருக்கிறாராம்.

“மாதாஜியா? மேரி வைஃப் ஹை!”

“பெஹ்லே தீ.” முன்பு இருந்திருக்கலாம் என்று பரிவோடு திருத்திவிட்டு, அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

அவர் உட்கார்ந்தார். வாயே திறக்கவில்லை. கல்யாணமான நாளாக அகிலாண்டம் இப்படியொரு அமைதியை அனுபவித்ததில்லை. ஆசை தீர அனுபவித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அடடா, நிஜமாகவே பயந்துவிட்டார். உடனே இறங்கி வந்தாள்.

“சொல்லிட்டுப் போப்படாதோ? சிறுத்தை நடமாடற காடுடீ இது!”

“வரட்டுமே. நீங்க ரெண்டு நூற்றாண்டு எடுத்து விட்டா அதுவே ஓடிப் போயிடும்.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேனில் ஏறும்வரை விடவே இல்லை.