நாற்பது பல்

முதல் குண்டு அலமாரிக்கு அடியில் போனது. இரண்டாவது, தம்பி படுத்திருந்த கட்டிலின் கால்களுக்கு நடுவே நிதானமாக உருண்டு மறைந்தது. மூன்றாவதிலிருந்து யாராலும் கவனிக்க முடியவில்லை. மிளகை விடச் சின்ன எஃகுக் குண்டுகள் சிமெண்ட் தரையில் மழை மாதிரிக் கொட்டி, துக்கத்துக்கு வந்திருந்த ஒன்பது பேரையும் ஒரே நேரத்தில் காலைத் தூக்க வைத்தன.

அண்ணன் கையில் எவர்சில்வர் தட்டு இன்னும் சாய்ந்தபடியே இருந்தது.

"தட்ட நிமிர்த்துங்கண்ணே," என்றாள் கண்ணாடிக்காரி.

கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கும். முப்பத்தொரு வருஷம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தியவள். சத்தம் போட்டால் கை ஆடும், கை ஆடினால் லென்ஸ் விளிம்பு போகும் என்று பழகிய தொண்டை. இது தெரிந்த அக்கம்பக்கத்தார் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள். அண்ணனுக்குத் தெரியவில்லை. அவர் இந்த வீட்டுக்குக் கடைசியாக வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

டாக்டர் கொடுத்துவிட்டுப் போன தாளில் கையெழுத்துப் போட இடம் வேண்டும் என்றுதான் அவர் மேஜையிலிருந்து தட்டைத் தூக்கினார். தட்டில் இருந்தது தம்பி காலையில் பிரித்து வைத்த பிரீவீல். சைக்கிளின் பின்சக்கரத்தில் திருகி மாட்டுகிற பல்சக்கரக் கொத்து. அதில் ஐந்து பல்சக்கரங்கள். ஐந்தும் உயிர்விட்ட ஐந்து வேறு வேறு பிரீவீல்களிலிருந்து கழற்றி, அரத்தால் ராவி, ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்றதைச் சேர வைத்தவை. ஆகச் சின்னதற்குப் பதினாலு பல். ஆகப் பெரியதற்கு நாற்பது. அப்படி ஒன்றை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. செய்து தரச் சொல்லி எந்தக் கம்பெனியையும் யாரும் கேட்டதுமில்லை.

"இதுதான் அவனக் கொன்னுது," என்றார் அண்ணன், தட்டைக் காட்டி. "அஞ்சு மணிக்குப் பழைய இரும்புக்காரன வரச் சொல்லிட்டேன். சைக்கிளு, அந்த ரெண்டு பெட்டி பழைய சக்கரம், எல்லாம் இன்னைக்கே போயிரட்டும். கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா உனக்குத்தான் கஷ்டம்."

"என் கஷ்டத்த நீங்க எப்போ வந்து பாத்தீங்க?"

கூடத்தில் மின்விசிறி மட்டும் தனக்கு ஒன்றும் தெரியாதது போல் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. கார் இருந்தது. ஆனால் கார் மேட்டின் அந்தப் பக்கமாகத்தான் இறங்கும். நல்ல கடைகள், நல்ல ஆஸ்பத்திரி, நல்ல மனிதர்கள் எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருந்தது இவர்கள் இரண்டு பேர். அக்காவான கண்ணாடிக்காரியும், கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே சைக்கிளுக்கு எண்ணெய் போடப் போய்விடுகிற தம்பியும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி மேடு ஏறினான். பஸ் பட்டறையில் இருபத்தாறு வருஷம் பெயிண்ட் அடித்த நுரையீரல், வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டு வந்தது. மனுஷனால் நுரையீரலைப் பெரிதாக்க முடியாது. பல்சக்கரத்தைப் பெரிதாக்கலாம். பல் கூடினால் மிதி லேசாகும். டாக்டர், "மூச்சு வாங்கற மாதிரி எதுவும் செய்யாதீங்க," என்று சொன்னதை அவன் ஒரு வேலைக் குறிப்பாக எடுத்துக்கொண்டான். இருபத்திரண்டு பல்லில் ஆரம்பித்தான். பிறகு இருபத்தெட்டு. பிறகு முப்பத்திரண்டு, முப்பத்துநாலு. பழைய பிரீவீல் எங்கே கிடக்கிறது என்று அவனுக்கு மோப்பம் தெரியும். வேறு நல்ல சைக்கிளாக வாங்கிக்கொள்ளேன் என்று சொன்னவர்களிடம், நாற்பது வருஷமாகக் கூட இருக்கிற சைக்கிளின் காதில் விழப் போகிறது, மெதுவாகப் பேசுங்கள் என்றான்.

முப்பத்துநாலு பல் வந்த காலத்தில், தபால்காரர் நடந்தே அவனைத் தாண்டிப் போய், மேலே கடிதங்களைக் கொடுத்து, ஒரு வீட்டில் தண்ணீர் குடித்து, இறங்கி வரும்போது மறுபடி வணக்கம் சொல்லுவார். முப்பத்தெட்டு பல்லுக்கு மாறியபோது ஹாண்டில்பாரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, இது நிற்கிற வண்டி என்று முடிவு செய்து, கூட்டுக்குச் சுள்ளி கொண்டுவர ஆரம்பித்தது. இதில் முதல் பாதிக்குத் தெருவே சாட்சி. இரண்டாம் பாதிக்குச் சாட்சி இல்லை. காகத்தைத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒரு ஞாயிறு கூட அவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதில்லை. மேலே போய்ச் சேரும்போது, "இன்னைக்கும் சைக்கிளாடா, பைத்தியம்," என்பார் அண்ணன். அண்ணி டீ கொடுப்பாள். இரண்டு மணி நேரம் தம்பி பல்சக்கரத்தைப் பற்றிப் பேசுவான். திரும்பி வருவான்.

இவர்கள் ஏறி வருவதுதான் முறை, அவர் இறங்கி வருவது இல்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படியே நடந்துவிட்டது. கண்ணாடிக்காரிக்கு முழங்கால் போனதும் அவள் நிறுத்திக்கொண்டாள். தம்பி பல் கூட்டிக்கொண்டான்.

"சைக்கிள் கொல்லலண்ணே," என்றாள். "மேடு கொன்னுது. மேட்டு மேல யாரு இருந்தாங்கன்னு நான் சொல்லணுமா?"

"எழவு வீட்ல பேசற பேச்சா இது?" என்றாள் அண்ணி.

"வேற எந்த வீட்ல பேசறது அண்ணி? நீங்கதான் வேற எப்பவும் வர மாட்டீங்களே."

அண்ணன் தட்டை மேஜையில் வைத்தார்.

"இப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"கொட்டினத எல்லாம் பொறுக்கணும். இத முழுசா மூடணும். அப்பறந்தான் சைக்கிளு இந்த வாசலத் தாண்டும். அவன் கை வெச்ச வேல, வாயப் பொளந்துகிட்டு இரும்புக்கடைக்குப் போகாது."

"சரி. எல்லாம் கெடச்சதும் போகட்டும். பேச்சு மாறக் கூடாது."

"நான் மாற மாட்டேன்."

அவள் சொன்னது பாதிதான். சைக்கிள் போய்விடும் என்பதை விட, கொலைகாரப் பட்டம் கட்டி அதை அனுப்புகிறார்களே என்பதில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. அது அல்லாமல் காலை எட்டு மணிக்கு நடந்ததும் இருந்தது. தட்டு கழுவிக்கொண்டே, "மேஜையக் காலி பண்ணுடா, சாப்பிடணும்," என்று மூன்று தடவை சொல்லியிருந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் அசையவில்லை. மூன்றாவது தடவை, "அந்த இரும்பக் கட்டிக்கிட்டே சாவு," என்று சொன்னாள். அப்புறம் போய்ப் பார்த்தாள். இடுக்கியில் ஒரு குண்டு இன்னும் பிடித்தபடியே இருந்தது. இதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்வதாக இல்லை.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடிப் போய், பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நாலு காலில் ஊர்ந்தார்கள். காந்தம் குண்டுகளோடு எட்டு ஹேர்ப்பின், ஒரு நகவெட்டி, பதினோரு வருஷத்துக்கு முன் தொலைந்து அதற்காக ஒரு வேலைக்காரியையே நிறுத்தக் காரணமான பெட்டிச் சாவி ஆகியவற்றையும் கொண்டுவந்தது. வயதான ஒரு உறவுக்காரர், கட்டிலுக்கு அடியில் கையை விட்டவர், மேலே படுத்திருந்தவனிடம், "கொஞ்சம் மன்னிச்சுக்கப்பா," என்று சொல்லிவிட்டு எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தவர்கள் தேடுவது போல் குனிந்துகொண்டார்கள்.

அண்ணன் மட்டும் மின்விசிறிக்குக் கீழே கையைக் கட்டி நின்றிருந்தார்.

கண்ணாடிக்காரி மேஜையில் உட்கார்ந்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பிரீவீலின் பள்ளத்தில் கிரீஸ் தடவி, தம்பியின் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பதித்தாள். அந்த இடுக்கி உண்மையில் அவளுடையது. கடையிலிருந்து அவள் கொண்டுவந்தது. அவன் திரும்பத் தருவதாகச் சொல்லி இருபது வருஷம் ஆகிறது. பள்ளம் வட்டமாக நிரம்பி வந்தது. முப்பத்தெட்டாவது குண்டை வைத்ததும், எலக்ட்ரீஷியன் காந்தத்தை நாலு மூலைக்கும் இழுத்துப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான்கா, இனிமே தூசிதான் வருது," என்றார்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "இந்தா, இங்க ஒரு எடம் காலியா இருக்கே. ஒண்ணு கொறையுது."

கண்ணாடிக்காரி வாயைத் திறந்தாள்.

ஒன்று குறையவே இல்லை. தம்பி எப்போதும் பள்ளத்தை முழுக்க நிரப்பிவிட்டு, கடைசியில் ஒரு குண்டை வெளியே எடுத்துவிடுவான். "முழுசா அடச்சா ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கிட்டு எதுவும் நகராதுக்கா. ஒண்ணு வெளிய போனாத்தான் மத்தது ஓடும்." முப்பது வருஷமாக, ஒவ்வொரு பிரீவீல் மூடும்போதும் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தவன் போலச் சொல்வான். அவளும் ஒவ்வொரு தடவையும், "தெரியும்டா, மூடு," என்பாள்.

திறந்த வாயை மூடினாள். மின்விசிறிக்குக் கீழே நின்றவரைப் பார்த்தாள். காலையிலிருந்து குனியாத முதுகு. மடிப்புக் கலையாத சட்டை.

"ஆமா," என்றாள். "ஒண்ணு கொறையுது. மொத குண்டு அலமாரிக்கு அடியிலதான் போச்சு. நான் பாத்தேன்."

"நான் எடுக்கறேன்கா," என்று எழுந்தார் எலக்ட்ரீஷியன்.

"நீ இருப்பா. அண்ணே, நீங்க கொட்டினது. நீங்க எடுங்க."

"எனக்கு முட்டி வலின்னு உனக்குத் தெரியும்."

"அவனுக்கு மூச்சு முட்டும்னு உங்களுக்குத் தெரியும்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். ஒரு முட்டியைத் தரையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றை. பிறகு கைகள், மார்பு, வயிறு. நாலு கால் மர அலமாரிக்கு அடியில் இடுப்பு வரை போய்விட்டார். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும் காலுறைகளும்தான். வலது காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பாவம் என்று நினைக்கிற நேரம் இது இல்லை.

"ஏங்க, அழுக்குங்க," என்றாள் அண்ணி.

தரையை உள்ளங்கையால் தடவுகிற சத்தம் வந்தது.

கண்ணாடிக்காரி அந்தக் காலுறைகளிடம் பேசினாள். "இருபத்தெட்டு போட்டப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். முப்பத்திரண்டு போட்டப்பவாவது. ஒருத்தன் பல்லு பல்லாக் கூட்டிக்கிட்டு வரான்னா, அவனுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாப் போகுதுன்னு அர்த்தம். அவன் வாயால சொல்ல மாட்டான். சக்கரத்தக் காட்டினான். நீங்க டீ குடிச்சீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, கார இந்தப் பக்கம் எறக்கியிருந்தா டயரு தேஞ்சு போயிருக்குமா?"

தடவுகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"நல்லாத் தேடுங்க," என்றாள்.

அரை மணி நேரம் தேடினார்; பார்த்துக்கொண்டிருந்தவர்களும் மறுபடி ஊர்ந்தார்கள். நாலு மணிக்கு அமரர் ஊர்தி வாசலில் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, கூடம் முழுக்க நாலு காலில் இருப்பவர்களையும் அலமாரிக்கு அடியில் பாதி மனிதரையும் கண்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணை மறுபடி பார்த்தார்.

கண்ணாடிக்காரி பிரீவீலின் மூடி வளையத்தை எடுத்தாள். அதற்கு இடது புரி. எல்லாரும் திருகுகிற பக்கம் திருகினால் கழன்றுவிடும். எதிர்ப்பக்கமாகத் திருகி, ஊசிமுனைக் குறட்டால் இறுக்கினாள். உள்வளையத்தை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு, நாற்பது பல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டாள்.

டிக்டிக்டிக்டிக்கென்று, எங்கேயும் தட்டாமல், தடுமாறாமல் அது சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மேட்டிலிருந்து இறங்கி வருகிற சத்தம். கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அலமாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"சத்தம் சரியா இருக்கு."

அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"இருக்கும். அவன் ஒண்ணு கொறச்சுத்தான போடுவான்."

சக்கரம் அவள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்தாள். அப்படியானால் ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வார்த்தையையும் காதில் வாங்கியிருக்கிறார். வாங்கிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். தெரியாது என்றிருந்தால் கூடப் பொறுத்திருப்பாள்.

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "வெளிய வாங்க. அஞ்சு மணிக்கு இரும்புக்காரன் வந்துருவான். அவனுக்கு என்ன சொல்றது?"

"குண்டு இன்னும் கெடைக்கல," என்றது குரல். "எல்லாம் கெடச்சதுக்கு அப்பறந்தான் சைக்கிளு போகும்னு பேச்சு. வர வேணாம்னு சொல்லிரு."

"நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

"நாளைக்கும் கெடைக்காது."

அவர் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. சட்டையின் முன்பக்கம் முழுக்கத் தூசி. எழுந்திருக்க எலக்ட்ரீஷியன் கை கொடுத்தார். அக்கம்பக்கத்தார் யாரோ சட்டையைத் தட்டிவிட வந்தபோது, வேண்டாம் என்று கையை விலக்கினார். கண்ணாடிக்காரியைப் பார்க்கவில்லை. அவளும் நாற்காலியை விட்டு எழவில்லை.

கட்டிலிலிருந்து தம்பியைத் தூக்கினார்கள். தரையில் ஒரு குண்டும் இல்லை. காந்தம் மூன்று தடவை போய் வந்த தரை. இருந்தாலும் தூக்கியவர்கள் நாலு பேரும் காலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார்கள். அவர்களுக்கு முன்னால், ஒட்டடைத் தலையோடு, அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே வாசல் வரைக்கும் நடந்தார். படியில் நின்று, செருப்புகளைக் காலால் நகர்த்தி, அதற்கு அடியிலும் ஒரு தடவை பார்த்தார்.

நிற்கப் போன சக்கரத்தை அவள் இன்னொரு தட்டுத் தட்டினாள்.